எழுபத்தாறில் ஒரு பங்கு எலுமிச்சம்பழம்

எங்கள் சங்கத்தில் மூன்று பேர். தலைவர், செயலாளர், பொருளாளர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாததால் கூட்டங்கள் அமைதியாக நடக்கும் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் இதுவரை எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை என்று அர்த்தம்.

தலைவர் பல் வைத்தியர். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்ப மறந்துவிட்டவர். கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் அவருடைய வீட்டின் கீழ்த்தளம் கிளினிக்; மேல்தளம் எங்கள் ரயில்வே. செயலாளர் நகரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம். எங்களைவிட மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் நானா. மூன்றாவது ஆள் நான். புடவைக்கடைக்காரன். வியாபாரிக்குக் கணக்குத் தெரியும் என்ற மூடநம்பிக்கையில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கண்டி ஸ்டேஷன் எப்படி இருந்ததோ அப்படியே, எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி, இரண்டு பெரிய மேசைகளின் மேல் கட்டியிருக்கிறோம். மேடை, சிக்னல், குட்ஸ்செட், பின்னால், டீவி பொதிந்து வரும் வெள்ளை ரெஜிஃபோமில் செதுக்கிய ஹந்தானை மலை. இன்ஜின்களும் பெட்டிகளும் வேகன்களும் வெளிநாட்டில் பிறந்தவை. வாங்கி, பெயின்ட்டை உரித்து, நம்மூர்ப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை. கைப்பிடிக் கம்பிக்குக் கிட்டார் நரம்பு. பிரேக் குழாய்க்குப் பழைய டெலிபோன் வயர். எழுத்துக்கு மட்டும் மாற்று வழி கிடையாது, எழுதத்தான் வேண்டும்.

வேகனின் பக்கப் பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்காதவரை நல்லது, கவனித்தவர்களின் கதிதான் இது. எண், வெறும் எடை, ஏற்றக்கூடிய எடை, எப்போது எண்ணெய் போட்டார்கள் என்ற குறிப்பு. உண்மையான வேகனில் இதையெல்லாம் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத்தான் அடிப்பார்கள். அதனால் எட்டு என்ற இலக்கம் முழு எட்டாக இருக்காது, நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு இரண்டு துண்டாக நிற்கும். அந்த இடைவெளி எங்கள் அளவில் ஒரு தலைமயிரின் தடிப்பு. அதை மூன்று மயிர் உள்ள தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு விட வேண்டும். யோகாசனத்தில் இப்படி மூச்சடக்கினால் ஞானம் கிடைக்குமாம். எனக்குக் கழுத்துப் பிடிப்புத்தான் கிடைத்தது.

எல்லா மதங்களிலும் கேட்கக்கூடாத ஒரு கேள்வி உண்டு. எங்களுக்கு அது தண்டவாளத்தின் அகலம். நம் நாட்டுத் தண்டவாளம் அகலமானது. கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளமோ ஒடுக்கம். ஒரு தலைமயிர் இடைவெளிக்காக அடித்துக்கொள்ளும் நாங்கள், நெல்மணி அளவு பிசகிய தண்டவாளத்தை ஏகமனதாகப் பார்ப்பதில்லை. சங்கம் உடையாமல் இருப்பது இந்த ஒரு குருட்டுத்தனத்தால்தான்.

மற்றதையெல்லாம் பார்ப்போம். பார்ப்பதற்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் தீர்ப்பு. ஒருவர் ஒரு வண்டியை முடித்துவிட்டால் மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். மற்ற இருவரும் குற்றம் கண்டுபிடிப்பார்கள். டொக்டர் இதற்காகக் கீழே போய், சொத்தைப் பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவார். இரண்டே விதி. ஞாபகம் சாட்சி ஆகாது, படம் காட்ட வேண்டும். இரண்டாவது, குற்றம் உள்ள வண்டி மெயின் லைனில் ஓடாது. அது குட்ஸ்செட்டுக்குப் பின்னால் உள்ள முட்டுத் தண்டவாளத்துக்குப் போகும். அந்த இடத்தை ஆஸ்பத்திரி என்போம்.

ஆஸ்பத்திரியில் அப்போது நின்ற வண்டிகள் அத்தனையும் என்னுடையவை.

ஒன்றில் ஆணி வரிசை ஒன்று கூடிப்போயிற்று. ஒன்றில் எழுத்து அத்தனை சுத்தம். "வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார் டொக்டர். "கலியாணக் கார்டு மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு அழுக்கில் கவனம் செலுத்தினேன். கலஹாத் தேயிலைத் தூளைக் கஷாயமாக இறக்கி வேகன் மேல் பூசினால் அச்சு அசலாகத் துருவும் புகையும் படிந்த தோற்றம் வரும். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஆனால் ஒருநாள் கஷாயம் தீர்ந்துபோய், குடித்து மிச்சம் வைத்த கோப்பையிலிருந்து பூசிவிட்டேன். அதில் சீனி இருந்தது. தீர்ப்பு நாளன்று வேகனின் கூரையில் எறும்புகள் பெரஹெரா ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. டொக்டர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். "எங்கட அளவில இது ஒவ்வொண்டும் நாய் அளவு வரும்" என்றார். "இந்த லைன்ல யானை ஏறினது தெரியும். இவ்வளவு நாய் ஒண்டா ஏறினதுக்குப் படம் இருக்கோ?"

இப்படி இருக்கும்போதுதான் நகரத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முத்திரை சேர்ப்பவர்கள், மீன் தொட்டிக்காரர்கள், போன்சாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் வருகிறார்கள், நீங்களும் ரயிலைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். தீர்ப்பில் தேறிய வண்டி மட்டும் ஓடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இது எனக்குப் பெரிய சிக்கல் அல்ல, நான் தோற்றுப் பழகியவன். சிக்கல், என் மனைவி புசல்லாவைக்கு டெலிபோன் எடுத்ததில் ஆரம்பித்தது.

அவளுடைய பிறந்த வீடு அங்கே. அவளுடைய அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் மெசின்களைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதிரையில் உட்காருவதற்கு முன்பே கேட்பார்: "என்ன மாப்ள, பொம்ம கோச்சி ஓடுதா?" பொம்மை ரயில் அல்ல என்ற விளக்கத்தை நான் அவருக்குப் பல பொங்கலுக்கும் பல தீபாவளிக்கும் சொல்லியிருக்கிறேன். கவனமாகக் கேட்டு, தலையாட்டி, அடுத்த முறை அதையே கேட்பார். அவருக்குத்தான் என் மனைவி சொல்லிவிட்டாள்: "அண்ணே, இவரு செஞ்ச இஞ்சின் ஓடப்போவுது. குடும்பத்தோட வந்துருங்க."

"தேறினாத்தான் ஓடும்" என்றேன்.

"தேறாம என்ன? இத்தன வருசமா குனிஞ்ச தல நிமிராம செய்றீங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்பிடிக் குனிஞ்சதில்ல. இனிமே அண்ணனுக்கு ஃபோன் பண்ணி ஓடலன்னு என்னால சொல்ல முடியாது, சொல்லிட்டேன்."

ஆக, இன்ஜின் ஓடியே ஆக வேண்டும். டீசல் இன்ஜின். கண்டியில் நின்ற ஒரு குறிப்பிட்ட இன்ஜின்; எண்ணோடு, நசுங்கிய படிக்கட்டோடு. கைவசம் நல்ல படங்கள் இருந்தன. கைப்பிடிகள், ஹோர்ன், மழைத் தண்ணீர் வடிந்த கறை எல்லாம் செய்தேன். பக்கத்து எண்ணைத் தூரிகையால் எழுதாமல், தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துத் தாளில் அச்சடித்து ஒட்டினேன். அது காயும்வரை யாரும் தொடக்கூடாது. தூசு விழக்கூடாது. அதனால் அலுமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில், மீன் மூடும் வலைக்கூடைக்குக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மறுநாள் காலை தீர்ப்பு.

அன்று ஆயுத பூஜை.

என் மனைவி ஃபெக்டரி லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே ஆயுத பூஜை என்றால் ரோலர், தராசு, லொறி, டெலிபோன், தீயணைக்கும் வாளி உட்பட இயங்கும் எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. எங்கள் வீட்டிலும் அப்படியே. ஸ்கூட்டர், தையல் மெசின், கேஸ் அடுப்பு, ஃபிரிஜ், என் பிரஷர் பார்க்கும் கருவி. ஒரு வருடம் மிக்சி தப்பிவிட்டது. தை பிறப்பதற்குள் அது எரிந்துபோனது. அதிலிருந்து அவள் யாரையும் விட்டதில்லை. என் ரயில்கள் அலுமாரிக்குள் பூட்டியிருந்ததால் மட்டும் இத்தனை வருடம் பிழைத்தன.

மாலையில் வீட்டுக்கு வந்தேன். சாமி அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலை. இலையில் அவல், கடலை, கரும்பு. பக்கத்தில் என் தூரிகைகள், என் கத்தி, என் இடுக்கி, ஏர்பிரஷ். எல்லாவற்றுக்கும் நடுவில், மாப்பிள்ளை மாதிரி, என் இன்ஜின். முகப்பு விளக்குக்குக் கீழே சந்தனம், அதன் மேல் குங்குமம். ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே, நான் ஒட்டிய எண்ணின் முதல் இலக்கத்தை உரசிக்கொண்டு, இன்னொன்று.

"இது... எப்ப வச்ச?"

"நல்ல நேரத்துல."

துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். துடைக்க இடுக்கியும் தூரிகையும் வேண்டும். அவை பூஜையில் இருந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை விளக்கேற்றி எடுக்கும்வரை தொடக்கூடாது. ஆக, குற்றமும் குற்றத்தை அழிக்கும் கருவிகளும் ஒரே இலையில் இருந்தன. நான் அவலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் விளக்கு ஏற்றியவுடன் ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சு சந்தனத்தைத் தொட்டதும் எண்ணின் ஓரம் மெல்ல எழும்பியது. சந்தனம் போனால் எழுத்தும் கூடவே போகும்.

"கைய எடுங்க" என்றாள் வாசலில் நின்றபடி. "பொட்ட அழிச்சா என்ன அர்த்தம்னு தெரியுமா? தானா உதிரணும். ஒங்களுக்கு நான் நல்லா இருக்கணுமா வேணாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பொட்டோடு இன்ஜினைக் கேக் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் மடியில் ஏந்தியபடி போனேன்.

டொக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கீழே யாருக்கோ பல்லில் வலி எடுத்து முனகுவது கேட்டது. அந்த மனிதரோடு இடம் மாறிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

"இதென்ன, இன்ஜினுக்குத் தலையிடியோ? பத்துப் போட்டிருக்கிறியள்."

நடந்ததைச் சொன்னேன்.

"மற்றதெல்லாம் திறம்" என்றார் டொக்டர். அவர் வாயில் இந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "படிக்கட்டு நெளிவு, ஹோர்ன், எழுத்து, ஒண்டிலயும் பிழை இல்ல. ஆனா இந்தப் பொட்டு? ஆஸ்பத்திரிதான். நான் என்ன செய்ய?"

ஓரத்தில் நின்ற நானா முன்னால் வந்தார். இன்ஜினின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"டொக்டர், கொஞ்சம் பொறுங்க. இத நான் கண்டீக்கேன்."

"எங்க?"

"கண்டி ஸ்டேஷன்லதான். இந்த மாதிரியே பொட்டோட இஞ்சின் நின்டிச்சி. ஷெட்ல வேல செஞ்ச தமிழ் ஆக்கள் வச்சிருப்பாங்க."

"நானா, ஞாபகம் செல்லாது. விதி."

"ஞாபகம் இல்ல. எங்கூட்டு ஹோல்ல தொங்குது."

போனார். கொஞ்ச நேரத்தில் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரின் ஆணி இன்னும் கொளுவியில் தொங்க, படியேறி வந்தார். அவருடைய வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் எடுத்த படம். அந்தக் காலத்தில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போனால் பாதிக் கண்டி ஸ்டேஷனுக்கு வரும். மேடை முழுக்க வெள்ளைத் தொப்பி, மழைக் குடைகள், நடுவில் வாப்பா. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு டீசல் இன்ஜின். விளக்குக்குக் கீழே, மங்கலாக ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், ஒரு வட்டம். வட்டத்துக்குள் கறுப்பாக இன்னொரு வட்டம். ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழேயும் அப்படியே ஒன்று. கறுப்புவெள்ளைப் படத்தில் குங்குமம் கறுப்பாகத்தானே தெரியும்.

டொக்டர் கண்ணாடியோடு படத்தின் மேல் குனிந்தார். "இது ஆயுத பூசை நாள் எண்டு எப்பிடித் தெரியும்?"

"வாப்பாட கையப் பாருங்க. பொட்டலம் ஒண்டு ஈக்கிதா? பக்கத்துக் கட மொதலாளி அவிச்ச கடல. சாமிக்கு வைக்க முந்தியே வாப்பாக்குன்டு தனியா எடுத்து வச்சிக் கொண்டாந்து தருவாரு, வருசா வருசம் ஆயுத பூசைக்கி. அன்டைக்கு ஸ்டேஷனுக்கே வந்து தந்தாரு. கப்பல் ஏறுற மட்டும் அதத்தான் சாப்பிட்டேன்டு வாப்பா செல்லுவாரு."

"இன்ஜின் நம்பர் பாதிதான் தெரியுது."

"மத்தப் பாதி வாப்பாட தொப்பிக்குப் பின்னால ஈக்கி."

தெரிந்த பாதி என் இன்ஜினுடையது. டொக்டர் விடவில்லை, அளவுகோலை எடுத்துப் படத்தில் பொட்டையும் விளக்கையும் ஒப்பிட்டார், பிறகு என் இன்ஜினில். விரலால் வைத்திருந்தால் எங்கள் அளவில் அது வண்டிச்சில்லு அளவுப் பொட்டாகியிருக்கும். ஆனால் என் மனைவி ஈர்க்கு நுனியால் வைத்திருந்தாள். "சின்னச் சாமானுக்கு எப்பிடி வெரலால வைக்கிறது?" என்று பிறகு கேட்டாள்.

"பொட்டுச் சரி" என்றார் டொக்டர். எனக்குள் ஒரு வெடி வெடித்தது. "ஆனா வருசத்தில ஒரு நாளைக்குத்தான் சரி. எங்கட ஸ்டேஷன்ல இப்ப என்ன மாசம்?"

மூவரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் ஸ்டேஷனில் மே மாதம். ஸ்டேஷன் வாசலில் மயில்கொன்றை பூத்துக் குலுங்கியது. அந்தச் சிவப்புப் பூக்களை டொக்டர் தன் கையால், பல் நரம்பு எடுக்கும் ஊசியால், ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அதையே செய்தார். மே மாதத்தில் ஆயுத பூஜை வராது. ஒன்று என் இன்ஜின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அல்லது கண்டி ஐப்பசிக்கு மாற வேண்டும்.

நான் பூக்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். புசல்லாவையிலிருந்து வரப்போகும் வேனை நினைத்துக்கொண்டேன்.

நானா படத்தைத் துண்டால் துடைத்தார். "டொக்டர், ஒண்டு செல்லட்டா? வாப்பா போன கோச்சி ஒருக்காப் போகட்டும். மேடையில சின்னச் சின்ன ஆக்களுக்கு வெள்ள பூசி நான் வைக்கிறேன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மரத்தடிக்குப் போனார். நோயாளியிடம் 'கொஞ்சம் நோகும்' என்று சொல்லும் அதே குரலில், யாருக்கென்று இல்லாமல், "சரி" என்றார். பல் பிடுங்கும் குறட்டால் பூக்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

பாதி மரம் மொட்டையானபோது நிமிர்ந்தார். "அப்ப ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு ஷெட்டில நிண்ட மற்ற இன்ஜினுக்குப் பொட்டு வைக்காமல் விட்டிருப்பினமோ?"

மற்ற இன்ஜின் அவருடையது. யாரும் குற்றம் காணாத, கையுறை போட்டுத்தான் தொடவேண்டிய இன்ஜின். விதி என்றால் விதி. நான் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தேன்.

என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடும் ஈர்க்கோடும் வந்து, ரயில்வேயை ஒருமுறை பார்த்தாள். மேல்மாடிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு தூசியா?" என்றாள். அது அழுக்கு அல்ல, ஆராய்ச்சி என்று நாங்கள் சொல்லவில்லை.

"தங்கச்சி, இந்த இன்ஜினுக்கும் ஒண்டு வையுங்கோ" என்றார் டொக்டர்.

"சும்மா வேடிக்கைக்கு வைக்க மாட்டேன் டொக்டர். சூடம் காட்டித்தான் வைப்பேன்."

"ஐயோ தங்கச்சி, இந்த மலை முழுக்க ரெஜிஃபோம். புல்லு மரத்தூள். ஒரு பொறி பட்டா ஹந்தானை எரிஞ்சு சரி."

"அப்ப இஞ்சினக் கீழ கொண்டாங்க."

ஆகவே பூஜை கிளினிக்கில் நடந்தது. பல் கருவிகள் வைக்கும் தட்டில் இரண்டு இன்ஜின்கள். டொக்டர் தட்டை ஏந்தி நிற்க, என் மனைவி பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். கன்னம் வீங்கிக் காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டு, சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருநீறும் கேட்டார். கிளினிக்கில் இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்.

"ஓட்டுறதுக்கு முந்தி சில்லுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்கணும்" என்றாள் என் மனைவி. "வைக்காம ஓட்டினா நான் பொறுப்பில்ல."

டொக்டர் கண்ணை மூடினார். எலுமிச்சம்பழத்தை எழுபத்தாறால் வகுத்தார். "கடுகு பெருசு" என்றார்.

"எங்கூட்ல கசகசா ஈக்கி" என்றார் நானா. "ஃபலூடாவுக்குப் போடுறது."

அதைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். டொக்டர் ஒரு விதையைக் கண்ணாடிக்குக் கீழே உருட்டிப் பார்த்தார். "இது எலுமிச்சை இல்ல, நாரத்தங்காய்."

"சாமி ஏத்துக்கும் டொக்டர்" என்றாள் என் மனைவி.

கண்காட்சி நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. புசல்லாவை வேன் முதல் ஆளாக வந்து, குடும்பம் முழுக்க எங்கள் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றது. எங்கள் ஸ்டேஷனில் ஐப்பசி. மரம் மொட்டை. மேடையில் வெள்ளை உடுத்த மனிதர்கள், ஆளுக்கொரு குடை. நடுவில் ஒருவர் கையில் பொட்டலம். அது நானாவின் வேலை, அதில் டொக்டர்கூடக் குற்றம் காணவில்லை. என் இன்ஜின், அதன் பின்னால் பெட்டிகள். என் மனைவி ஈர்க்கு நுனியால் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தாள். அவை மஞ்சளாக இருக்க வேண்டும் என்று அன்று காலையிலேயே மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள்.

கசகசா என்று நாங்கள் சொல்லும் சப்ஜா விதை தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்பது ஃபலூடா குடித்த எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மூவரும் ஃபலூடா குடித்தவர்கள். ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"காலமை எலுமிச்சை" என்றார் டொக்டர் குனிந்து பார்த்து, மெல்லிய குரலில். "இப்ப பூசணிக்காய்."

"பூசணிக்காயும் ஒடைக்கிறதுதான்" என்றாள் என் மனைவி, அதைவிட மெல்லிய குரலில்.

நான் கரண்ட்டைத் திருகினேன். இன்ஜின் முனகியது. சில்லுகள் சுழன்றன. இன்ஜின் அசையவில்லை. இன்னும் திருகினேன். கசகசாவின் வழுவழுப்பில் சில்லுகள் வேகமாகச் சுழன்று, இன்ஜின் நின்ற இடத்திலேயே நின்றது. வாப்பாவின் கோச்சி கண்டியை விட்டுப் புறப்பட மறுத்தது.

"என்ன மாப்ள" என்றார் மச்சான். அவர் குரலில் தீபாவளி தெரிந்தது. "பொம்ம கோச்சி ஓடாதா?"

எங்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது, எழுதாத விதி. சனத்துக்கு முன்னால் வண்டியைக் கையால் தள்ளக்கூடாது. உண்மையான ரயிலுக்கு வானத்திலிருந்து ஒரு கை இறங்கி வருவதில்லை. என் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மணல்" என்றார் நானா. "கடுகண்ணாவ ஏத்தத்துல வழுக்கினா இஞ்சின் மணலத்தானே போடும்."

டொக்டர் பையைத் திறந்து பல் மினுக்கும் தூளை எடுத்தார். எந்த மணலையும்விட நைசான தூள். ஒரு சின்னக் கரண்டியால் தண்டவாளத்தின் மேல் மெல்லத் தட்டித் தட்டி உதிர்த்தார். அவர் தலை இன்ஜினுக்கு அருகே போனபோது இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு இருந்ததைக் கவனித்தேன்; காலையில் என் மனைவி அவரையும் விட்டிருக்கவில்லை. நான் மீண்டும் திருகினேன். சில்லு ஒருமுறை நழுவியது, கடித்தது, பூசணிக்காய் நசுங்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டன. ரயில் குடைகளைக் கடந்து, மொட்டை மரத்தைக் கடந்து, ஹந்தானைக்குப் பின்னால் போய் மறைந்து, மறுபக்கம் வந்தது.

என் மனைவி ரயிலைப் பார்க்கவில்லை. தன் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் இரண்டு சுற்றைக் கைகட்டி நின்று பார்த்தார். மூன்றாவது சுற்றில் மேசைமேல் குனிந்து, இன்ஜின் வரும் வழியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஃபெக்டரியில பெல்ட் வழுக்கினா நாங்க குங்கிலியம் போடுவோம்" என்றார். பிறகு, "மாப்ள, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? பொட்டு கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்கு."

டொக்டர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "படம் இருக்கோ?" என்றார்.

நானா சட்டம் போட்ட படத்தை எடுத்துக் கொடுத்தார். மச்சான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்தார். படத்தில் பொட்டு நேராகத்தான் இருந்தது. சாய்ந்தது என் இன்ஜினில் இருந்ததுதான். வேனில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் டொக்டரிடம் கண்ணாடியை இரவல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் சங்கத்துக்கு இப்போது ஒரு சாதாரண உறுப்பினர் இருக்கிறார். பௌர்ணமி விடுமுறை தவறாமல், போயாவுக்குப் போயா, புசல்லாவை பஸ்ஸில் வருகிறார். உட்காருவதற்கு முன்பே குற்றம் சொல்கிறார். என் இன்ஜினின் பொட்டு தானாக உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை. பொட்டு உதிர்ந்த இன்ஜினுக்குப் படம் கிடையாது என்று அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். அது இப்போது ஆஸ்பத்திரியில் நிற்கிறது, அடுத்த ஆயுத பூஜைவரைக்கும். டொக்டர் மயில்கொன்றைக்கு மறுபடி பூ ஒட்டிக்கொண்டிருக்கிறார்.